கடைசி வாய்ப்பு, மீண்டும் ஒருமுறை

வெளிநாட்டில் கணக்கில் காட்டாத பணமோ சொத்தோ வைத்திருப்பவர்கள் தாமாகவே வந்து சொல்லிவிடலாம் என்று இந்திய அரசு 2015 ஜூலை 1 முதல் செப்டம்பர் 30 வரை தவணை கொடுத்தது. சொத்து மதிப்பில் 30 சதவீதம் வரி, அதே அளவு அபராதம். ஆக 60 சதவீதம் கட்டிவிட்டால் வழக்கு கிடையாது, சிறை கிடையாது, பெயரும் வெளியே வராது. அந்த மூன்று மாதத்தில் வந்தவர்கள் 648 பேர். அவர்கள் காட்டிய தொகை 4,164 கோடி ரூபாய். கஜானாவுக்குக் கிடைத்தது சுமார் 2,476 கோடி.

தருமபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தத் தொகையைப் புரியவைப்பது எளிது. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு கலந்து பல்லும் எலும்பும் பாழான ஊர்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் மதிப்பீடு 1,928.80 கோடி ரூபாய். தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்குமான அந்தத் திட்டம் 2013 மே மாதம் செயல்பாட்டுக்கு வந்தது. அதற்கான பணத்தில் பெரும்பகுதி ஜப்பானின் ஜைகா நிறுவனம் கொடுத்த கடன். அதுவும் வெளிநாட்டுப் பணம்தான். முறைப்படி வந்தது, வட்டியோடு திருப்பிக் கட்டவேண்டியது. தேர்தல் மேடைகளில் லட்சம் லட்சம் கோடி என்று பேசப்பட்ட கறுப்புப் பணத்துக்குச் சலுகை நீட்டியதில், மொத்த நாட்டுக்கும் கிடைத்தது ஒரு ஒகேனக்கல் திட்டமும் கொஞ்சம் சில்லறையும்.

இதை இப்போது கிளறுவதற்குக் காரணம் இருக்கிறது. 2026 பிப்ரவரி 1 பட்ஜெட்டில் வெளிநாட்டுச் சொத்துகளுக்கு மறுபடியும் ஒரு தவணைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. இந்த முறை சிறிய வரிதாரர்களுக்கு என்று பெயர்: மாணவர்கள், இளம் ஊழியர்கள், வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தவர்கள். ஆறு மாத அவகாசம், ஒரே ஒரு முறை. கணக்கில் காட்டாத வெளிநாட்டு வருமானமோ சொத்தோ 1 கோடி ரூபாய் வரை இருந்தால் 30 சதவீதம் வரி, இன்னொரு 30 சதவீதம் கூடுதல் வரி. வரி கட்டிய பணத்தில் வாங்கிய சொத்தைப் படிவத்தில் மட்டும் எழுதாமல் விட்டவர்களுக்கு 5 கோடி வரை வரம்பு, கட்டணம் 1 லட்சம் ரூபாய். இந்த இரண்டாவது வகையைப் பற்றி எனக்குக் குறை இல்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். பயமெல்லாம் ‘ஒரே ஒரு முறை’ என்பதைப் பற்றித்தான்.

ஏனென்றால் அந்த வாக்குறுதிக்கு எழுபத்தைந்து வயது ஆகிறது. 1951இல் முதல் திட்டம் வந்தது. 1965இல் ஒரே ஆண்டில் இரண்டு. 1975இல் நெருக்கடி நிலைக்கு நடுவே ஒன்று. 1981இல் சிறப்புப் பத்திரங்கள். 1985, 1991, 1997, 2015 என்று தொடர்ந்து, 2016இல் உள்நாட்டுப் பணத்துக்கு மட்டும் இரண்டு. பட்டியலைக் கூர்ந்து பார்த்தால் நமக்குக் கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கும். 1965இல் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி. 1975இல் சி.சுப்பிரமணியம். 1981இல் ஆர்.வெங்கட்ராமன். 1997இல் ப.சிதம்பரம். இப்போது மதுரையில் பிறந்த நிர்மலா சீதாராமன். கணக்கில் வராத பணத்துக்கு மன்னிப்பு வழங்குவதில் டெல்லிக்குத் தமிழ்நாடு கொடுத்திருக்கும் பங்களிப்பு சிறிதல்ல.

எச்சரிக்கை இல்லாமலும் இல்லை. முன்னாள் தலைமை நீதிபதி கே.என்.வாஞ்சூ தலைமையிலான நேரடி வரிகள் விசாரணைக் குழு 1971இலேயே இதைச் சொல்லிவிட்டது. சாதாரண காலத்தில் இப்படித் திரும்பத் திரும்பச் சலுகை கொடுத்தால், ஒழுங்காக வரி கட்டுகிறவன் அரசின் மேல் வைத்த நம்பிக்கையை இழப்பான், ஏய்க்கிறவன் வரித்துறையை ஏளனமாகப் பார்ப்பான் என்பது அதன் கருத்து. நான்கே ஆண்டில் அடுத்த திட்டம் வந்தது.

1981 பத்திரங்களின் கதை இன்னும் சுவையானது. 10,000 ரூபாய் கொடுத்து வாங்கினால் பத்து ஆண்டு கழித்து 12,000 கிடைக்கும். பத்திரத்தில் பெயர் இருக்காது. யார் கையில் இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர். பணம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கக்கூடாது என்று சட்டமே சொன்னது. ஆர்.கே.கார்க் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் அதைச் செல்லும் என்றது. பொருளாதாரச் சட்டங்களில் அரசுக்குத் தாராளமாக இடம் தரவேண்டும், ஒழுக்கமா இல்லையா என்று பார்ப்பது நீதிமன்றத்தின் வேலை அல்ல என்பது பெரும்பான்மைத் தீர்ப்பின் போக்கு. நீதிபதி ஏ.சி.குப்தா மட்டும் உடன்படவில்லை. நேர்மையாக வரி கட்டியவனைவிட ஏய்த்தவனுக்கு அதிகம் கொடுப்பது எப்படிச் சமத்துவம் ஆகும் என்பது அவர் எழுப்பிய கேள்வி. அவருடைய கேள்விக்கு இன்றுவரை கணக்குப் போட்டு யாரும் பதில் சொன்னதாகத் தெரியவில்லை.

கணக்கை 1997இல் போட்டுப் பார்க்கலாம். அந்தத் திட்டம்தான் இதுவரை வந்ததிலேயே பெரிய வெற்றி என்று சொல்லப்படுவது. நாலே முக்கால் லட்சம் பேர் முன்வந்தார்கள், 33,000 கோடிக்கு மேல் காட்டினார்கள், வரியாக 9,700 கோடி அளவில் வந்தது. தனிநபருக்கு 30 சதவீதம். நகையோ தங்கமோ காட்டுகிறவர்களுக்கு ஒரு துணை விதி இருந்தது. அது 1987-88 மதிப்பீட்டு ஆண்டுக்கோ அதற்கு முன்போ சேர்த்தது என்று சொன்னால், 1987 ஏப்ரல் 1 அன்று இருந்த விலைக்கு வரி கட்டினால் போதும். எப்போது வாங்கியது என்பதற்குச் சொல்கிறவர் வாய்தான் சாட்சி. பத்து கிராம் தங்கம் 1987இல் விற்ற விலை, 1997இல் விற்றதில் பாதிக்குச் சற்று மேல். ஆகவே 30 சதவீதம் என்பது அன்றைய மதிப்பில் 16, 17 சதவீதமாகச் சுருங்கியது. நேற்று வாங்கிய நகைக்கும் பாட்டி காலத்து வயது வந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் உச்ச வரம்பில் 97.75 சதவீதம் வரை வரி விதித்த நாடு இது. அந்தக் காலத்தில் ஒழுங்காகக் கட்டியவர்களும் அதே நாட்டின் குடிமக்கள்தான். கணக்குத் தணிக்கைத் துறை இந்தத் திட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தது. இனி இப்படி ஒரு திட்டம் கொண்டுவர மாட்டோம் என்று அரசு உச்ச நீதிமன்றத்தில் உறுதி கொடுத்தது. பிறகு நடந்தது தெரிந்ததே.

வெளிநாட்டுப் பணத்துக்கென்று முதலில் கதவு திறந்தது 1991இல். அந்நியச் செலாவணி இரண்டு மூன்று வாரத்து இறக்குமதிக்குத்தான் தாங்கும் என்ற நிலை, தங்கத்தை விமானத்தில் ஏற்றி அடகு வைத்த ஆண்டு. டாலரில் பணம் அனுப்பினால் மூலம் கேட்கமாட்டோம் என்றது அரசு. இந்தியா வளர்ச்சிப் பத்திரங்கள் வழியாக மட்டும் 160 கோடி டாலர் வந்தது. வேறு வழியில்லாத நேரத்தில் செய்தது என்பதை ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அதே சட்டம் வெளிநாட்டிலிருந்து வரும் ‘பரிசு’க்கும் கேள்வி கேட்கக்கூடாது என்றது. உண்டியல் வழியாக வெளியே போன சொந்தப் பணம் யாரோ ஒருவருடைய பரிசாகத் திரும்பி வர இதைவிட நல்ல பாதை கிடைக்குமா?

விவசாயக் கடன் தள்ளுபடி என்றால் நம் ஊர்த் தொலைக்காட்சி விவாதங்களில் ஒழுக்கம் பற்றிப் பேசப் பலர் வருவார்கள். 2021 பிப்ரவரியில் தமிழ்நாட்டுக் கூட்டுறவு வங்கிகளில் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடி ஆனபோதும் வந்தார்கள். நகையை விற்றுக் கடனைக் கட்டியவன் ஏமாளியா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அந்தக் கடன் மழை பொய்த்து நின்றுபோனது என்றாவது சொல்லலாம். சொத்தைக் கடல் தாண்டி ஒளித்தவருக்கு எந்த மழை பொய்த்தது? அந்த விவாத மேடைகளில் இவருக்குச் சலுகை கொடுக்கும்போது ‘நடைமுறைக்கேற்ற தீர்வு’ என்கிறார்கள்.

வீட்டுமனை வாங்கியவர்களுக்கும் இந்த நாடகம் பழக்கம். விதி மீறிய கட்டடங்களை ஒரு முறை மட்டும் வரன்முறைப்படுத்தத் தமிழ்நாட்டின் நகரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. 1999 பிப்ரவரிக்கு முன் கட்டியவற்றுக்கு என்று தொடங்கி 2000, 2001, 2002 என்று தேதியைத் தள்ளிக்கொண்டே போனார்கள். 2006இல் சென்னை உயர் நீதிமன்றம், முதல் முறை சரி, மற்ற நீட்டிப்புகள் செல்லாது என்றது. அதன் பின் வேறு எண்ணில் வேறு பிரிவு வந்தது. அங்கீகாரமில்லாத மனைகளுக்கு 2017இல் தனித் திட்டம் வந்து அதன் கெடுவும் நீண்டது. சேலம்–பெங்களூரு நெடுஞ்சாலையோரம் மனை போட்டு விற்ற ஒரு தரகரிடம் கேட்டால், அங்கீகாரத்துக்கு ஏன் அவசரப்படவில்லை என்பதை ஒரே வரியில் விளக்குவார்.

அப்படியானால் ஒளிந்த பணம் எதற்குத்தான் வெளியே வருகிறது? பார்த்துவிட்டார்கள் என்று தெரிந்தால் வருகிறது. 2009இல் அமெரிக்கா சுவிட்சர்லாந்தின் யூபிஎஸ் வங்கியின் கழுத்தில் கை வைத்தது. வங்கி 78 கோடி டாலர் அபராதம் கட்டியது, நாலாயிரத்துச் சொச்சம் கணக்குகளின் விவரங்களைக் கொடுக்க ஒப்புக்கொண்டது. அதன் பிறகுதான் அமெரிக்காவின் தானே முன்வரும் திட்டத்துக்கு ஆள் வந்தது. 2018இல் மூடும்வரை 56,000 பேருக்கு மேல், 1,110 கோடி டாலர். முதலில் தடி, பிறகு கதவு. நம்மிடம் 2011இலேயே ஜெனீவா எச்எஸ்பிசி வங்கியில் கணக்கு வைத்திருந்த 628 இந்தியர்களின் பட்டியல் பிரான்ஸிடமிருந்து வந்திருந்தது. அதையும் கையில் வைத்துக்கொண்டு 2015இல் கதவைத் திறந்து 648 பேரைப் பார்த்தோம்.

இந்தியாவில் தடி கைக்கு வந்தது 2017இல். நாடுகள் தங்கள் வங்கிகளில் அந்நியர் வைத்திருக்கும் கணக்குகளின் விவரத்தை ஆண்டுதோறும் தானாகவே பரிமாறிக்கொள்ளும் ஏற்பாட்டில் நாம் சேர்ந்தோம். சுவிட்சர்லாந்து 2019 செப்டம்பரில் முதல் தவணை விவரத்தை அனுப்பியது. 2024இல் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து விவரம் வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் வருமான வரித்துறை ஒரு காரியம் செய்தது. வெளிநாட்டில் கணக்கு இருப்பதாகத் தகவல் வந்தும் அதைக் காட்டாமல் ரிட்டர்ன் போட்டவர்களுக்குக் குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் அனுப்பியது. சோதனை இல்லை, சம்மன் இல்லை. உங்கள் கணக்கு பற்றி எங்களுக்குத் தகவல் இருக்கிறது, ரிட்டர்னை ஒருமுறை சரிபாருங்கள் என்ற அளவில் ஒரு செய்தி. 24,678 பேர் ரிட்டர்னைச் சரிபார்த்தார்கள், 5,483 பேர் தாமதமாகத் தாக்கல் செய்தார்கள். காட்டப்பட்ட வெளிநாட்டுச் சொத்து 29,208 கோடி ரூபாய், கூடுதல் வருமானம் 1,089 கோடி.

இதில் எல்லாமே கறுப்பு அல்ல. பெரும்பகுதி வரி கட்டிய பணத்தில் வாங்கியதாகவும் இருக்கலாம். ஆனாலும் ஒப்பிட்டுப் பாருங்கள். மன்னிப்பு காட்டியபோது 4,164 கோடி. ‘தெரியும்’ என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பியபோது அதைப் போல ஏழு மடங்கு.

இனி, இரண்டாவது வகைக்கு ஏன் குறை சொல்லவில்லை என்பதற்கு வருகிறேன். பாலக்கோட்டில் படித்து பெங்களூரில் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் கிளையில் வேலை பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளத்தோடு தாய் நிறுவனத்தின் பங்குகளும் கொடுக்கிறார்கள். பங்கு கைக்கு வரும் அன்றே அதன் மதிப்பு சம்பளமாகக் கணக்கிடப்பட்டு வரி பிடிக்கப்படுகிறது. ஃபார்ம் 16இல் வந்துவிடுகிறது. வரி கட்டியாயிற்று என்று அவர் நினைக்கிறார், அது உண்மையும்கூட. ஊருக்கு வரும்போது யாரோ தெரிந்தவரிடம் ஐநூறு ரூபாய் கொடுத்து எளிய படிவத்தில் ரிட்டர்ன் போட்டுவிடுகிறார். தவறு அங்கே நடக்கிறது. அந்தப் பங்குகள் கிடப்பது அமெரிக்கத் தரகு நிறுவனக் கணக்கில். வெளிநாட்டுச் சொத்து இருப்பவர் எளிய படிவத்தைத் தொடவே கூடாது; வேறு படிவத்தில் எஃப்.ஏ. என்ற அட்டவணையை நிரப்ப வேண்டும். நாட்டின் பெயர், நிறுவனத்தின் முகவரி, பங்கு கிடைத்த தேதி, தொடக்க மதிப்பு, ஆண்டில் தொட்ட உச்ச மதிப்பு, ஆண்டு முடிவு மதிப்பு, வந்த டிவிடெண்ட், விற்றிருந்தால் விற்ற தொகை. நிதியாண்டுக்கு அல்ல, ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான ஆண்டுக்கு. ஊதியக் கணக்கெல்லாம் ஏப்ரல்–மார்ச், இது மட்டும் ஜனவரி–டிசம்பர். அனுபவப்பட்ட ஆடிட்டரே ஒரு முறை தடுமாறுகிற இடம்.

எழுதாமல் விட்டால், கறுப்புப் பணத்துக்கு எதிரான 2015 சட்டப்படி ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம். வேண்டுமென்றே விட்டது என்று தீர்ந்தால் ஆறு மாதம் முதல் ஏழு ஆண்டு வரை சிறை. வீடு, நிலம் தவிர மற்ற சொத்துகள் மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் அபராதம் இல்லை என்ற தளர்வு 2024 அக்டோபரில்தான் வந்தது. சிங்கப்பூரிலோ துபாயிலோ பத்து ஆண்டு உழைத்துவிட்டு ஊர் திரும்பி, அங்குள்ள வங்கிக் கணக்கை மூடாமல் விட்டவருக்கும் இதே விதிதான். அங்கே இருந்தவரை அவர் இங்கே சொல்லவேண்டியதில்லை. இங்கே நிரந்தரமாகக் குடியிருப்பவர் என்ற நிலைக்கு வந்த ஆண்டிலிருந்து சொல்லவேண்டும்.

சுறாவுக்கு விரித்த வலையில் நெத்திலிதான் நிறைய விழுகிறது. 2025 மார்ச் வரை இந்தச் சட்டத்தின் கீழ் 1,021 பேர் மீது மதிப்பீடு முடிந்து, 35,105 கோடி ரூபாய் கேட்டிருக்கிறார்கள். வசூல் ஆனது 338 கோடி, நூற்றுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. பெரிய தொகைக்காரர்கள் மேல்முறையீட்டிலும் அறக்கட்டளைகளிலும் தீவு நாட்டுக் கம்பெனிகளிலும் பத்திரமாக இருக்கிறார்கள். ஆகவே எழுத மறந்தவனுக்கும் ஒளித்தவனுக்கும் வேறுபாடு காட்டும் எந்த ஏற்பாடும் எனக்குச் சம்மதமே. கவனிக்கவேண்டியது 1 கோடி, 5 கோடி என்ற வரம்புகளை. அடுத்த முறை அது 10 கோடி ஆகுமா, மாணவர்கள் என்று எழுதிய இடத்தில் தொழில்முனைவோர் என்று வருமா, 60 சதவீதம் இறங்குமா என்று பார்க்கவேண்டும்.

இறங்கவேண்டும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 60 சதவீதம் கேட்டால் யார் வருவார், பத்து கேட்டிருந்தால் கொட்டியிருக்கும் என்பது அவர்கள் வாதம். இலங்கை 2021 செப்டம்பரில் ஒரே ஒரு சதவீதம் கேட்டது. அதற்கு முன்பு 2003இலும் ஒரு பெரும் பொது மன்னிப்பு கொடுத்து, அடுத்த ஆண்டே சட்டத்தை மாற்றி அதைத் திரும்பப் பெறவேண்டி வந்த நாடு அது. ஒரு சதவீதச் சலுகை வந்து ஏழு மாதத்தில், 2022 ஏப்ரல் 12 அன்று, வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாது என்று கொழும்பு அறிவித்தது. நாடு மூழ்கும்போது ஒளித்த டாலர் ஓடிவந்து தாங்கவில்லை. இந்தோனேசியாவில் 2016–17 திட்டம் உலகிலேயே பெரியதில் ஒன்று. இனி இல்லை என்ற பேச்சோடு முடிந்தது, 2022இல் மறுபடி வந்தது.

தவறைத் திருத்திக்கொள்ள வழியே வேண்டாமா என்றால், வழி ஏற்கெனவே இருக்கிறது. 2022 முதல் பழைய ஆண்டுகளுக்குப் புதுப்பித்த ரிட்டர்ன் போடலாம். 2025இல் அந்தக் காலத்தை நான்கு ஆண்டாக்கினார்கள். முதல் ஆண்டில் வந்தால் வரியோடு 25 சதவீதம் கூடுதல், இரண்டாம் ஆண்டில் 50, பிறகு 60, பிறகு 70. தாமதிக்கத் தாமதிக்க விலை ஏறும். சலுகைத் திட்டங்களின் குணம் நேர் எதிர். அங்கே காத்திருந்தவனுக்குத்தான் மலிவு. அரசு ஒரே நேரத்தில் இரண்டு கடையையும் நடத்தினால் எந்தக் கடைக்குக் கூட்டம் போகும்?

‘பொறுங்கள், இன்னொரு ஸ்கீம் வரும்’ என்று ஆலோசனை சொல்கிறவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளவேண்டும். 2015 திட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது: ஒப்பந்தத்தின் கீழ் வெளிநாட்டு அரசிடமிருந்து அந்தச் சொத்து பற்றி 2015 ஜூன் 30க்குள் தகவல் வந்திருந்தால், அதற்குச் சலுகை கிடையாது. அப்போது வந்திருந்த தகவல் கொஞ்சம். இப்போது ஆண்டுக்கு ஆண்டு வருகிறது. அதில் பான் எண்ணோடு யார் யார் பெயர் இருக்கிறது என்று வரித்துறைக்குத் தெரியும், காத்திருப்பவருக்குத் தெரியாது. வங்கிக் கணக்கும் பங்கும்தான் அந்தப் பரிமாற்றத்தில் வருகின்றன, துபாயில் வாங்கிய ஃபிளாட் வருவதில்லை என்பதும் உண்மை. ஆகவே காத்திருக்க வசதி உள்ளவர் ஃபிளாட் வாங்கியவர்தான். பாலக்கோட்டுக்காரருடைய பங்குக் கணக்கு அந்த வசதிக்குள் வராது. அவர் இந்த ஆண்டு ரிட்டர்னைத் திருத்தக் கடைசி நாள் வரை பொறுக்காமல், ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான தரகு அறிக்கையை இப்போதே இறக்கி வைத்துக்கொண்டு ஆடிட்டரைப் பார்க்கலாம்.